ஒரகடத்தில் தயாராகும் கடல் குப்பை

1

நான் குடியிருப்பது நார்வே நாட்டின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். இந்த வருடம் குளிர் விட்டதும், வழக்கம்போல ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடற்கரையைச் சுத்தம் செய்தார்கள். பெற்றோரும் கையுறையோடு வர வேண்டும். வேலை முடிந்ததும் இதய வடிவத்தில் ஒரு மாவுப் பணியாரம் சுட்டு விற்பார்கள். அந்தக் காசு ஏதாவது ஓர் ஏழை நாட்டின் கடலைக் காப்பாற்றப் போகும்.

என் மகள் சாரா ஒன்பதாம் வகுப்பு. நான் படிப்பை விட்ட வகுப்பு அது. அவள் கடல் விஷயத்தில் தீவிரமானவள். மீன் சாப்பிடுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. அவள் அம்மா யாழ்ப்பாணத்துக் குடும்பம். மீன் இல்லாத குழம்பு அவளுக்குக் குழம்பே இல்லை. வீட்டில் தினமும் சண்டை.

அன்று பிள்ளைகள் பொறுக்கியதைக் குவித்து வைத்தார்கள். நீலக் கயிற்றுத் துண்டுகள், கறுப்புக் குழாய்த் துண்டுகள், வலை, தீவனச் சாக்கு. எல்லாமே எதிரே கடலில் மிதக்கும் சால்மன் கூண்டுகளிலிருந்து வந்தவை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. ஆகவே யாரும் சொல்வதில்லை. அந்தக் குவியலிலிருந்து ஆசிரியை ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலை உருவி எடுத்தார். அதில் ஏதோ ஆசிய எழுத்து. அதைத் தலைக்கு மேலே தூக்கி, "பாருங்கள், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறது" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "உங்கள் நாட்டில் குப்பை அள்ள ஆட்கள் வருவதில்லையா?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த எழுத்து தமிழ் இல்லை. எனக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான். என் நார்வே மொழி வேலைத்தளத்து மொழி. தூக்கு, இறக்கு, நிறுத்து எல்லாம் நன்றாக வரும். வாதாட வராது. தலையாட்டிவிட்டு ஒரு பணியாரம் வாங்கித் தின்றேன்.

அன்றைய காசு எங்கே போகிறது என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கும் பெண்களுக்காம். வகுப்பில் எழுந்து பேசி அதைத் தேர்ந்தெடுக்க வைத்தவளே சாராதான்.

"மாமி வேலை செய்யிற இடம்தானே அப்பா. ஏன் சிரிக்கிறியள்?"

மாமி என்று அவள் சொல்வது என் அக்கா ஸ்டெல்லாவை. வீடியோவில் பேசும்போது அக்கா, "நான் கடல் க்ளீன் பண்ற கம்பெனில கீறேன் கண்ணு" என்று சொல்லியிருக்கிறாள். அக்கா இருப்பது ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டு. அங்கிருந்து கடலைப் பார்க்க பஸ் மாறி மாறி அரை நாள் போக வேண்டும்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டுக் கடல் என்றால் சுத்தமான நீலம். நான் அந்தக் கடலில் முதலில் செய்த வேலையைச் சொல்கிறேன். கூண்டுகளில் செத்து மிதக்கும் சால்மனை வலையால் அள்ளித் தொட்டியில் போடுவது. சில நாள் தோல் உரிந்து வரும், சில நாள் கண் இருக்காது. கூடவே வேலை பார்த்தவன் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தவன். தீவனத்தைக் கையில் அள்ளி மோந்து பார்த்துவிட்டு, "இது எங்கள் ஊர் மீன்" என்பான். அவன் ஊரில் சோற்றோடு தின்கிற சின்ன மீனை ஆலைகள் மொத்தமாக வாங்கி, மாவாக அரைத்து, கப்பலில் ஏற்றிவிடுகின்றனவாம். அந்த மாவைத் தின்று வளர்ந்த சால்மன் பணக்காரத் தட்டுக்குப் போகிறது. மீன் கிடைக்காமல் அவன் இங்கே வந்து, செத்த சால்மனை அள்ளிக்கொண்டிருந்தான்.

கூண்டுகளுக்கு எதிர்க்கரை பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி. தூண்டில்கூடப் போடக் கூடாது. பெரிய பலகை உண்டு. சுற்றுலாக்காரர்கள் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கூண்டு பின்னால் தெரியாதபடி நிற்கச் சொல்லி நானே சிலருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது துறைமுகக் குப்பை முற்றத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். கிழிந்த கூண்டு வலைகளையும் குழாய்களையும் கன்டெய்னரில் ஏற்றுவது வேலை. கன்டெய்னர் வாசலைத் தாண்டியதும் எங்கள் கணக்கில் அது மறுசுழற்சி ஆகிவிட்டது. எந்த ஊருக்குப் போகிறது என்று மேற்பார்வையாளரிடம் ஒரு தடவை கேட்டேன். "கிழக்கே" என்றார். நான் அந்தப் பக்கத்து ஆள் என்பதால், அந்தப் பதில் எனக்குப் போதும் என்று நினைத்திருப்பார்.

இங்கே வந்து சேர்ந்த வழி பெரிய கதை இல்லை. அப்பாவின் குத்தகை நிலத்தில் தொழிற்சாலை வந்தது. அதே தொழிற்சாலையில் நானும் அக்காவும் ஒப்பந்தத்தில் சேர்ந்தோம். அவள் லைனில் உட்கார்ந்து காருக்கு ஒயர் கட்டுவாள், நான் லோடு ஏற்றுவேன். எனக்கு ஓர் இடத்தில் கால் நிற்காது. துபாய், பிறகு ஒரு சரக்குக் கப்பலின் அடுப்படி, பிறகு மீன் வெட்டும் ஆலை, பிறகு கல்யாணம். இப்போதும் சில வருடங்களுக்கு ஒருமுறை குடியிருப்பு அட்டைக்காகக் காவல் நிலைய வரிசையில் நிற்கிறேன். சாராவுக்கு என் ஊருக்கு வர விசா வேண்டும், எனக்கு அவள் ஊரில் இருக்க அட்டை வேண்டும். ஒரே வீட்டில் இருக்கிறோம்.

3

ஜூலையில் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சாராவும் நானும் ஊருக்குப் போனோம். பூசை முடிந்து சாப்பாடு போட்டு, சொந்தக்காரர்கள் எல்லோரும் சாராவின் தமிழைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போன பிறகு, அவள் அக்காவிடம் கேட்டாள்.

"மாமி, நாளைக்கு உங்கட வேலைக்கு நானும் வரட்டே?"

"இன்னாத்துக்கு? அங்க இன்னா கீது பாக்க?" அக்கா தட்டு கழுவுவதை நிறுத்தவில்லை. "நாளைக்கு வேணாம் கண்ணு. வெள்ளிக்கிழம ஆடிட்டு. வெள்ளக்காரன் வர்றான். ஒரே தொல்லையா கீது."

"வெள்ளக்காரன் என்னத்துக்கு வாறார்?"

"நாங்க எப்டி கடல காப்பாத்துறோம்னு பாக்க வர்றானாம்" என்று சொல்லி அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. சாராவுக்குப் புரியவில்லை.

ஆனால் அக்கா வேலை பார்க்கும் ஷெட்டின் முதலாளி பாபு அண்ணனுக்கு, சாரா வந்திருக்கும் விஷயம் போய்விட்டது. காலையில் வீட்டு வாசலில் பைக் நின்றது. பாபு அண்ணன் எங்களோடு பள்ளிக்கூடம் போனவர். தொழிற்சாலைக் கழிவை ஏலத்தில் எடுத்து விற்று முன்னுக்கு வந்தவர்.

"இன்னா தம்பி, வந்து மூணு நாளாச்சு, ஒரு போனு கெடயாது? இதான் உன் பொண்ணா? இங்கிலீஷ் நல்லா பேசுவியா பாப்பா? போன தபா தண்டலம் காலேஜ்ல இருந்து ஒரு பையன இட்டாந்தேன். வெள்ளக்காரன் ஒண்ணு கேட்டா, இவன் யெஸ் சார், யெஸ் சார்னு நின்னுகினு கீறான். நீ வந்து ரெண்டு வார்த்த பேசிடு. அத்தைக்கும் நல்லது."

சாராவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் தடுத்திருக்கலாம். அவளே பார்க்கட்டும் என்றும் ஒரு பக்கம் தோன்றியது.

4

வியாழக்கிழமையே ஷெட்டுக்குப் போனோம். இரண்டு தொழிற்சாலைச் சுவர்களுக்கு நடுவே தகரக் கூரை. வாசலில் ஆமை படம் போட்ட பலகை. உள்ளே மலைமலையாகப் பிளாஸ்டிக்: கார் சீட்டுக்குப் போட்டு வரும் உறை, குமிழி வைத்த பேக்கிங் தாள், எண்ணெய் கேன். எல்லாம் அன்று காலை பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து இறங்கியவை. பளபளவென்று இருந்தன.

அக்காவும் இன்னும் பத்துப் பதினைந்து பெண்களும் சிமெண்ட் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். தொட்டியில் உப்புத் தண்ணீர். உறைகளை அதில் முக்கி, வெளியே எடுத்து, மணலில் புரட்டி, காலால் மிதித்து, வெயிலில் பரப்பினார்கள். ஒருத்தி கோழித் தீவனத்துக்கு வாங்கும் கிளிஞ்சல் மூட்டையைப் பிரித்து மேலே தூவினாள். இன்னொருத்தி ஒரு பக்கெட்டோடு வந்தாள். நாற்றம் ஷெட்டு முழுக்கப் பரவியது. கருவாடு ஊறவைத்த தண்ணீர்.

சாரா மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாமி, இது என்ன?" என்றாள்.

"கடல் வாசனை" என்றாள் பக்கெட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

சாரா குனிந்து மணலை எடுத்து விரலால் தேய்த்தாள். சாம்பல் நிறம், கூர் கூராகக் குத்தும். பக்கத்துக் கட்டடத்தில் அள்ளிய எம்-சாண்ட், அதாவது கருங்கல்லை உடைத்துச் செய்கிற மணல். கடல் மண் கொண்டுவர லாரி வைக்க வேண்டும். கட்டட மண் சுவருக்கு அந்தப் பக்கமே கிடக்கிறது. மணல் என்றால் எங்கள் பக்கத்தில் இப்போது அதுதான். வேறு மணல் உண்டு என்பதே யாருக்கும் தோன்றவில்லை.

"இது கடல் மண் இல்லை, என்ன?"

"இல்ல கண்ணு."

பிறகு அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரிதான் சொன்னாள். ஆரம்பத்தில் நிஜமாகவே கடற்கரையிலிருந்து லாரியில் வந்ததாம். மக்கிப்போன வலை, டயபர், செருப்பு, தார் ஒட்டிய கேன். கழுவிய பெண்களுக்குக் கையெல்லாம் புண். கட்டி அனுப்பியதை வெளிநாட்டில் வாங்குகிறவன் திருப்பிவிட்டான். அழுக்கு அதிகம், நாறுகிறது, மிஷினுக்கு ஆகாது என்று. பாபு அண்ணன் தொழிற்சாலை உறைகளைக் கட்டி அனுப்பினார். சரக்கு அருமை என்றார்கள். ஆனால் படத்தில் பார்த்தால் கடலிலிருந்து வந்த மாதிரி தெரியவில்லையே, கடைக்காரர்கள் கேட்கிறார்கள் என்றார்கள். அதற்குப் பிறகுதான் இந்தத் தொட்டி.

"அவன் கேக்கறது கடல் குப்ப. ஆனா கடலும் இருக்கக் கூடாது, குப்பையும் இருக்கக் கூடாது. நாங்க இன்னா பண்றது சொல்லு?" என்றாள் அக்கா.

தொட்டித் தண்ணீர் பின்பக்கம் குழாய் வழியாக ஏரிக் கால்வாய்க்குப் போனது. நான் போய்ப் பார்த்தேன். கிழிந்த உறைத் துணுக்குகளும் குமிழித் தாள் துண்டுகளும் கரையெல்லாம் ஒட்டிக்கிடந்தன. அந்தக் கால்வாய் ஏரிக்குப் போகிறது. ஏரி நிரம்பினால் ஆறு, ஆறு போனால் கடல். இந்த உறைகளைச் சும்மா விட்டிருந்தால் பழைய பிளாஸ்டிக் வியாபாரி வாங்கி உருக்கியிருப்பான். கடலையே பார்த்திருக்காது. கடலைக் காப்பாற்றக் கழுவுவதால்தான் கடலுக்குப் போகிறது. காறித் துப்பலாம் என்று வந்தது. எங்கே துப்புவது, அதுவும் அந்தக் கால்வாய்தான்.

வீட்டுக்கு நடந்தோம். வல்லக்கோட்டைக் கிருத்திகைக்குப் போகிற வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. வண்டிகளுக்கு நடுவே நுழைந்துகொண்டே சாரா, "நான் வகுப்பில எழும்பி நிண்டு கதைச்சனான் அப்பா" என்றாள்.

அன்று சாயங்காலம் நான் அக்காவிடம், நாளைக்கு அவளைக் கூட்டிவர வேண்டாமா என்று கேட்டேன்.

"உன் பொண்ணு, உன் இஷ்டம். ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. எனக்கு நாப்பத்தாறு. லைன்ல முப்பது தாண்டுனாவே தொரத்துறான். இந்த ஷெட்டு போச்சுனா ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சி மட்டுந்தான் என்னிய எடுப்பான். எந்தக் கம்பெனிக்கு ஆள் கேக்கறான் தெரியுமா? நம்ம பழைய கம்பெனி. நான் பன்னெண்டு பேருக்கு லீடரா உக்காந்த எடத்துல, கக்கூஸ் கழுவ நிக்கணும். அந்தப் புள்ளைங்கள்ல ரெண்டு மூணு பேரு இன்னும் அங்கதான் கீது. மூஞ்சிய எங்க வச்சிக்கறது?"

சாரா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

5

ஆடிட்டர் வெள்ளிக்கிழமை பத்து மணி வாக்கில் வந்தார். கடல் பிளாஸ்டிக் என்று சான்றிதழ் கொடுக்க ஐரோப்பாவிலிருந்து வந்த இளைஞர், வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. ஷெட்டு வாசலில் இளநீர் கொடுத்தார்கள். ஸ்ட்ரா வேண்டாம் என்று சொல்லி, தன் பையிலிருந்து ஓர் இரும்பு ஸ்ட்ராவை எடுத்துப் போட்டுக் குடித்தார். அக்கா உட்பட எல்லாப் பெண்களும் மீனவப் பெண்கள் மாதிரி புடவையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். பாபு அண்ணன் ஏற்பாடு.

சாரா நார்வேயிலிருந்து வந்தவள் என்றதும் ஆடிட்டருக்கு ஒரே சந்தோஷம். ஒரு கைப்பிடி உறையை எடுத்தார். எம்-சாண்ட் உதிர்ந்தது. மோந்து பார்த்தார். கண்ணை மூடி, ஆங்கிலத்தில், "கடலின் வாசனை" என்றார். பக்கெட்டுக்காரி துண்டை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

பிறகு அக்காவை முன்னால் நிறுத்தி, இதை எந்தக் கரையில் பொறுக்கினீர்கள் என்று கேட்கச் சொன்னார். சாரா தமிழில் கேட்டாள். பாபு அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்த கடற்கரைப் பெயர் அக்காவுக்கு மனப்பாடம். ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. சாராவையே பார்த்தாள்.

"நான் இன்னா சொன்னாலும் அந்தாளுக்குப் புரியப் போறதில்ல கண்ணு. உன் வாயிலருந்து வர்றதுதான் அவன் காதுக்குப் போவும். உனுக்கு இன்னா தோணுதோ அதச் சொல்லு. நான் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன்."

பாபு அண்ணனுக்கு வியர்த்தது. "பாப்பா, அந்தப் பேரு, அந்தப் பேரு" என்று முணுமுணுத்தார்.

சாரா ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தாள். தொழிற்சாலை உறை, உப்புத் தண்ணீர், கட்டட மணல், கோழிக் கிளிஞ்சல், கருவாடு. எனக்குப் புரிகிற வேகத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முடித்துவிட்டு, "தயவுசெய்து இந்தப் பெண்களின் வேலையை எடுத்துவிடாதீர்கள், இவர்கள் தப்பு இல்லை" என்றாள்.

நான் ஆடிட்டர் முகத்தைப் பார்த்தேன். கோபம் வரும், வெட்கம் வரும், ஏதாவது வரும் என்று பார்த்தேன். அவர் கையிலிருந்த உறையைக் கீழே போட்டுவிட்டுக் கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். சுற்றிலும் பார்த்தார். பின்பக்கக் குழாயைக் காட்டி, "அந்தக் கால்வாய் எங்கே போகிறது?" என்று கேட்டார்.

சாரா என்னைக் கேட்டாள். ஏரி, ஆறு, கடல் என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. அப்படியானால் பிரச்சினையே இல்லை என்றார். கடலிலிருந்து எடுத்தால் ஒரு பெயர். கடலுக்குப் போகக்கூடிய இடத்தில் எடுத்தால் இன்னொரு பெயர். கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் போதும். அதற்கும் தனிச் சான்றிதழ் உண்டு, அதற்கும் வாங்குகிறவர்கள் உண்டு. "பொய் சொல்லவே தேவையில்லை. முன்பே சொல்லியிருக்கலாமே" என்று பாபு அண்ணன் தோளில் தட்டினார். சாராவிடம், "நேர்மையாக இருந்ததற்கு நன்றி" என்றார். பிறகு பெண்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். தலைத்துண்டோடுதான்.

6

சனிக்கிழமை தொட்டியைக் காலி செய்தார்கள். முக்க வேண்டாம், புரட்ட வேண்டாம், காய வைக்க வேண்டாம். வந்த உறையை அப்படியே மிஷினில் கட்டி ஏற்றினால் போதும். அதற்கு நாலு பேரே அதிகம். பாபு அண்ணன் கெட்டவர் இல்லை. வீட்டுக்கே வந்து சொன்னார்.

"தப்பா நெனச்சிக்காத ஸ்டெல்லா. தொட்டி வேலையே இல்லன்னு ஆயிப்போச்சு. நான் இன்னா பண்ணட்டும்?"

"காபி குடிச்சிட்டுப் போ" என்றாள் அக்கா.

சாரா அழுதாள். சாப்பிடவில்லை. அவள் பொய் சொல்லியிருந்தால் அக்கா அடுத்த ஆடிட் வரைக்கும் வேலையில் இருந்திருப்பாள். இதை நான் அவளிடம் சொல்லவில்லை, அவளுக்கே தெரிந்திருந்தது. அக்கா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இன்னாத்துக்கு அழற? இந்தா, என் கைய மோந்து பாரு. நாலு நாள்ல கருவாட்டு நாத்தம் போயிடும்" என்றாள். நாங்கள் திரும்பும் வாரத்தில் அவள் ஏஜென்சியில் பெயர் கொடுத்துவிட்டாள். அந்தப் பழைய கம்பெனிக்கே.

நார்வேயில் பள்ளி திறந்ததும் ஆசிரியை சாராவை வகுப்பில் பேசச் சொன்னார். சாயங்காலம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"உண்மையைத்தான் சொன்னன். மாமிக்கு வேலை போனதையும் சொன்னன்."

"அதுக்கு?"

"எல்லாரும் கை தட்டினவை. ரெண்டு பேர் அழுதவை." அவள் பையைத் தூக்கி மூலையில் எறிந்தாள். "டீச்சர் சொன்னா, அடுத்த முறை பணியாரம் விக்கிற காசை மாமிக்கு அனுப்பலாமாம். மாமியின்ர படம் ஒண்டு கேட்டவா. அந்தத் தலைத்துண்டோட இருக்கிறது எண்டா நல்லமாம்."

போன சனிக்கிழமை அக்காவைக் கூப்பிட்டோம். அவள் ஒரகடம் கூட்டு ரோட்டில் இரண்டாம் ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. போன் திரையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. சாரா என்னிடமே போனைக் கொடுத்தாள். நானே விஷயத்தைச் சொன்னேன். இரைச்சலில் அக்காவுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கத்திச் சொன்னேன்: இங்கே பிள்ளைகள் உனக்காகக் காசு சேர்க்கப் போகிறார்கள், உன்னைக் காப்பாற்றப் போகிறார்களாம்.

அக்கா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"என்னியவா? ஏன்டா, நான் இன்னா கடலா?" என்றாள். "வை, பஸ் வந்துருச்சு."